ஊதியம் கொடுத்தவருக்கே ஊதிய உதவி: 2020இன் ரேணிகுண்டாவிலிருந்து ஒரு பார்வை

2020 மார்ச் 26 அன்று ரேணிகுண்டா சந்திப்பிலிருந்து தில்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தை நோக்கிப் பால் மட்டுமே ஏற்றிய ரயில் ஒன்று புறப்பட்டது. அதுவரை பயணிகள் விரைவு ரயிலோடு இணைத்து அனுப்பப்பட்டு வந்த பால் தொட்டி வண்டிகள், நாடு தழுவிய ஊரடங்கில் பயணிகள் ரயில்கள் நின்றதால் தனி ரயிலாயின. தென்மத்திய ரயில்வே அதற்கு 'தூத் துரந்தோ' என்று பெயரிட்டது. ஒரு தொட்டிக்கு 40,000 லிட்டர். தொலைவு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அன்றைய சித்தூர் மாவட்டத்துப் பால் தில்லியின் வீடுகளுக்குத் தடையின்றிச் சென்றது. அதே சந்திப்பில் சுமை தூக்கியோர், வாசலில் ஆட்டோ நிறுத்தியிருந்தோர், எதிரேயிருந்த உணவகங்களில் இலை எடுத்தோர் ஆகியோரின் வருவாய் அந்த வாரத்திலேயே நின்றது. மாட்டுக்காரருக்கு லிட்டர் கணக்கில் கிடைக்கும் விலைதான் கூலி. பால் நகர்ந்ததால் அவரது கூலியும் நகர்ந்தது. மற்றவர்களின் கூலிக்கு அரசு என்ன செய்தது என்பதே ஆய்வுக்குரிய வினா.

ரேணிகுண்டா இவ்வினாவுக்கு ஏற்ற ஊர். சென்னை-மும்பை இருப்புப்பாதையில் திருப்பதிக்குள் நுழையாமல் செல்லும் ரயில்களின் பக்தர்கள் இறங்குமிடம் அது. திருப்பதி விமான நிலையமும் அங்கேதான். அதே மண்டலத்தின் கரகம்பாடியில் 1985இல் தொடங்கப்பட்ட அமர ராஜா குழுமத்தின் மின்கலத் தொழிற்சாலை உள்ளது. கைப்பேசிகளையும் மின்னணுப் பொருள்களையும் தொகுக்கும் ஆலைகள் பின்னர் வந்து சேர்ந்தன. வருங்கால வைப்புநிதி எண் உடையவரும், எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாதவரும் ஒரே தேநீர்க் கடையில் நிற்கும் ஊர். ஊதிய உதவியின் கோடு எங்கே விழுந்தது என்பதை இத்தகைய ஊரில் தெளிவாகக் காணலாம்.

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணை பிறப்பித்தது. தொழிற்சாலையாயினும் கடையாயினும், மூடப்பட்டிருக்கும் காலத்துக்கும் எவ்விதப் பிடித்தமுமின்றி உரிய நாளில் முழு ஊதியம் வழங்க வேண்டும் என்பது அதன் சாரம். தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது என்று வீட்டு உரிமையாளர்களுக்கும் அதில் கட்டளை இருந்தது. இந்தியத் தொழிலாளர் சட்ட வரலாற்றில் இதற்கு நிகரான ஆணையைத் தேடுவது கடினம். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் 1953இல் சேர்க்கப்பட்ட பிரிவுகள், 50 பேருக்குக் குறையாத ஆலைகளில் வேலையின்றி நிறுத்தப்படும் தொழிலாளிக்கு அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பாதியையே இழப்பீடாக வகுத்திருந்தன. அவ்வாறு வேலை நிறுத்தப்படுவதற்கான காரணங்களுள் இயற்கைப் பேரிடரும் ஒன்றாகவே அச்சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. ஆகவே, பேரிடர்க் காலத்தில் பாதி என்று நாடாளுமன்றம் எழுதி வைத்திருந்ததை அமைச்சகம் ஒரே தாளில் முழுமையாக்கியது.

ஆனால் அந்தத் தாளோடு பணம் வரவில்லை. ஆணையின் பலமும் பலவீனமும் இவ்விடத்தில்தான் இருக்கின்றன. ஊதியம் தரும் கடமை முழுவதும் முதலாளியின் தலையில் வைக்கப்பட்டது. அரசின் கருவூலம் அதில் பங்கேற்கவில்லை. கையிருப்பு உள்ள பெருநிறுவனத்துக்கு அது சுமை மட்டுமே. பக்தர் வந்தால்தான் கல்லாப்பெட்டி நிறையும் விடுதிக்கோ அது நிறைவேற்றவே இயலாத கட்டளை. திருமலையில் மார்ச் 20 முதல் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டிருந்தது. ஜூன் மாதத்தில்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட வாரங்களில் அந்த விடுதிக்காரர் எதிலிருந்து சம்பளம் எடுத்துக் கொடுப்பார்?

மே 17 அன்று உள்துறை அமைச்சகம் தன் முந்தைய ஆணைகளை விலக்கிக்கொண்டபோது இதுவும் மறைந்தது. மொத்தம் 50 நாள் ஆயுள். ஃபைகஸ் பாக்ஸ் என்ற தனியார் நிறுவனமும் பிறரும் தொடுத்த வழக்கில், நீதிபதிகள் அசோக் பூஷண், சஞ்சய் கிஷன் கவுல், எம்.ஆர். ஷா அமர்வு ஜூன் 12 அன்று இடைக்கால உத்தரவு வழங்கியது. முதலாளிகள் மீது கடும் நடவடிக்கை கூடாது. அந்த 50 நாளுக்கான ஊதியத்தை இருதரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். தீராவிடில் தொழிலாளர் துறை அதிகாரிகளை அணுகலாம் என்பது அதன் வழிகாட்டல். ஆணை செல்லுமா செல்லாதா என்ற வினாவுக்கு அன்று விடை தரப்படவில்லை. சங்கம் வலுவாக இருக்கும் ஆலையில் 'பேசித் தீர்த்தல்' என்பதற்குப் பொருள் உண்டு. ஆறு பேர் வேலை செய்யும் உணவகத்தில் மேசை துடைக்கும் ஒருவர், மறுபடி வேலைக்கு அழைக்க வேண்டியவரிடமே போய் எப்படிப் பேரம் பேசுவார் என்பதை அந்த உத்தரவு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

பிற நாடுகளின் நிலையோடு இதை வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. பிரிட்டன் மார்ச் 20 அன்று அறிவித்த திட்டத்தில், வேலையில்லாது வீட்டிலிருந்த தொழிலாளியின் ஊதியத்தில் 80 விழுக்காட்டை மாதம் 2,500 பவுண்டு வரம்புக்குள் அரசே ஏற்றது. 2021 செப்டம்பர் வரை அது நீடித்தது. சிங்கப்பூர் 2020 ஏப்ரல், மே மாதங்களுக்கு ஊதியத்தின் முதல் 4,600 சிங்கப்பூர் வெள்ளியில் 75 விழுக்காட்டை முதலாளிகளுக்கு வழங்கியது. ஆயினும் அது குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டுமே. விடுதிகளில் அடைபட்டிருந்த தமிழ்க் கட்டடத் தொழிலாளர்கள் அக்கணக்கில் வரவில்லை, அவர்களுக்காக முதலாளிகள் செலுத்தும் தீர்வையில்தான் தள்ளுபடி தரப்பட்டது. இலங்கையில் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் கூடி, வேலைக்கு அழைக்கப்படாதவருக்கு அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 14,500 ரூபாய், இவற்றில் எது கூடுதலோ அது என்று மே மாதத்தில் உடன்பட்டன. இலங்கையும் கருவூலத்தைத் திறக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அங்கே பேச்சு முதலில் நடந்தது. இந்தியாவில் கட்டளை முன்னும் பேச்சு பின்னும் வந்தன.

மத்திய அரசு ஊதியத்துக்காகத் தன் பணத்தைச் செலவிடவே இல்லை என்று கூறுவது பிழையாகும். மார்ச் 26 அன்று அறிவிக்கப்பட்ட 1.70 லட்சம் கோடி ரூபாய் நலத்தொகுப்பில் வைப்புநிதி உதவி இருந்தது. 100 பேர் வரை பணியாற்றும் நிறுவனங்களில், அவர்களுள் 90 விழுக்காட்டினர் மாதம் 15,000 ரூபாய்க்குக் குறைவாகப் பெறுவோராயின், அக்குறைந்த ஊதியத்தாரின் 12 விழுக்காட்டையும் முதலாளியின் 12 விழுக்காட்டையும் அரசே செலுத்தும். மூன்று மாதம் என்று தொடங்கி ஆகஸ்ட் வரை அது நீண்டது.

இதன் இயக்கத்தைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வைப்புநிதிக்குரிய ஊதியம் 12,000 ரூபாய் எனில், இரு பங்கும் சேர்ந்து 2,880 ரூபாய். அதில் தொழிலாளியின் கைக்கு வருவது பிடித்தம் செய்யப்படாத 1,440 ரூபாய். முதலாளிக்கு மிச்சம் இன்னொரு 1,440. இதைப் பெற, முதலாளி அம்மாத ஊதியத்தை வழங்கிவிட்டதாகச் சான்றளித்து மின்னணுப் படிவம் தாக்கல் செய்ய வேண்டும். அதாவது ஊதியம் கொடுக்க முடிந்தவருக்கே ஊதிய உதவி. கொடுக்க முடியாமல் கதவடைத்தவருக்கு ஒன்றுமில்லை. 80 பேர் கொண்ட ஆலையில் ஒன்பது பேர் 15,000 அல்லது அதற்கு மேல் வாங்கினால் 90 விழுக்காட்டு நிபந்தனை உடைந்து, எஞ்சிய 71 பேரும் உதவியை இழந்தனர். 101ஆவது ஆள் இருந்தாலும் கதை அதுவே. இதற்கிடையில் மார்ச் 28 அன்று வைப்புநிதித் திட்டம் திருத்தப்பட்டு, மூன்று மாத ஊதியம் அல்லது இருப்பில் 75 விழுக்காடு, இவற்றில் குறைவானதைத் தொழிலாளி திருப்பிச் செலுத்தத் தேவையில்லாத முன்பணமாக எடுத்துக்கொள்ளலாம் என்றானது. முதுமைக்கென அவர் சேர்த்த பணம்தான் அது. நிவாரணம் என்ற தலைப்பில் அதைப் பட்டியலிடுவது கணக்கியலில் சற்றுத் துணிச்சலான செயல்.

மாநில அரசு வேறு வழியில் சென்றது. ஆந்திர அரசு மே மாதத்தில் சிறு, குறு நிறுவனங்களுக்காக 1,110 கோடி ரூபாயில் 'ரீஸ்டார்ட்' திட்டத்தைத் தொடங்கியது. அதன் பெரும்பகுதி முந்தைய ஆண்டுகளில் தராமல் நின்றுபோன ஊக்கத்தொகை நிலுவை. மூன்று மாத மின்சார நிலைக்கட்டணத் தள்ளுபடியும் அதில் அடங்கும். பட்ட கடனை அடைப்பதே அன்று மீட்பாயிற்று. ஆனாலும் கடைத்தெருவுக்கு அப்பணமும் தேவைப்பட்டது. தொழிலாளர்களுக்கோ ஜூன் மாதத்தில் நேரடித் தொகைகள் வந்தன: 'வாகன மித்ர' வழியாக ஆட்டோ, டாக்சி ஓட்டுவோருக்கு 10,000 ரூபாய்; 'ஜகனன்ன சேதோடு' வழியாகத் தையற்காரர், முடிதிருத்துவோர், சலவைத் தொழிலாளருக்கு அதே தொகை. ரேணிகுண்டா நிலைய வாசலுக்கு மிக அருகே வந்த உதவி இதுதான். ஆயினும் 'வாகன மித்ர' சொந்த வண்டி உடையவருக்கானது. நாள் வாடகைக்கு வண்டி எடுத்து ஓட்டியவர், வண்டியும் இன்றி உதவியும் இன்றி நின்றார்.

பத்துக் கிலோமீட்டர் தொலைவில் திருப்பதியில் நடந்ததும் இங்கே பதிவுக்குரியது. விஷ்ணு நிவாசம், ஸ்ரீநிவாசம், மாதவம் ஆகிய தேவஸ்தான விடுதிகளில் துப்புரவுப் பணி செய்த சுமார் 1,300 ஒப்பந்தத் தொழிலாளரின் ஒப்பந்தம் ஏப்ரல் 30 அன்று முடிவடைந்தது. விடுதிகள் மூடியிருந்ததால் அது நீட்டிக்கப்படவில்லை. மார்ச் 29 ஆணை அப்போது நடைமுறையில் இருந்தது. எனினும், ஒப்பந்தமே முடிந்த தொழிலாளிக்கு ஆணை பொருந்துமா என்பது தெளிவற்ற பகுதி. எதிர்ப்பு எழுந்த சில நாட்களில் அவர்களைத் தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்ளத் தேவஸ்தானம் முடிவெடுத்தது. காத்தது ஆணையன்று, ஊர் எழுப்பிய குரல்.

1896-97இன் பம்பாய்ப் பிளேக்கை இங்கு நினைவுகூரலாம். அன்று தொழிலாளர் நகரை விட்டு ஓடினர். ஆட்பற்றாக்குறையால் ஆலைகள் மாதக் கூலியை விட்டு அன்றாடக் கூலி தர வேண்டியதாயிற்று. கொள்ளைநோய் அன்று உழைப்பவரின் பேரவலிமையைச் சிறிது காலம் உயர்த்தியது. 2020இல் ஆலைகளே மூடப்பட்டதால் அந்த வலிமை எதிர்த்திசையில் சரிந்தது. 1897இன் கொள்ளைநோய்ச் சட்டம் இரு காலங்களுக்கும் பொது. அதில் கூலி பற்றி ஒரு பிரிவும் இல்லை.

ஊரடங்குக்குப் பின் அறிவிக்கப்பட்ட திட்டங்களும் வைப்புநிதிப் பாதையையே பற்றின. 2020 நவம்பரில் வந்த ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் திட்டம், புதிதாகச் சேர்க்கப்படுவோருக்கான வைப்புநிதிப் பங்கை இரண்டாண்டுகளுக்கு ஏற்றது. 2022 மார்ச் 31 வரை பணியில் சேர்ந்தோர் அதற்குள் வந்தனர். அதற்கு நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 4 அன்று, ரேணிகுண்டா சித்தூரிலிருந்து பிரிந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்குள் சென்றது. 2025 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த 99,446 கோடி ரூபாய் வேலைவாய்ப்பு ஊக்கத்திட்டத்திலும், முதன்முறை வேலைக்குச் சேர்பவர் ஒரு மாத ஊதியத்தை 15,000 ரூபாய் வரம்புக்குள் இரு தவணைகளில் பெற, வைப்புநிதியில் பதிவாகியிருக்க வேண்டும்.