காயலில் இறங்கிய குதிரைகள்

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே பழைய காயல் இருக்கிறது. இன்று கடல் விலகிப் போய்விட்டது. மாறவர்மன் குலசேகர பாண்டியன் நாளில் அங்கே முத்து ஏறியது, குதிரை இறங்கியது. பாரசீகச் சரித்திராசிரியர் வஸ்ஸாப் கணக்குச் சொல்கிறார்: கீஷ் தீவின் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1,400 குதிரை அனுப்ப வேண்டும், ஒன்றுக்கு 220 பொன் தீனார். வழியில் செத்ததற்கும் விலை உண்டு! நரி பரியான கதை பாண்டிய நாட்டில் பிறந்தது சும்மாவா?

வந்த குதிரைகளை முளையடித்துக் கட்டி, நாற்பது நாள் வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்தார்களாம். பிறகு பழக்காமலே, அங்கவடிகூட இல்லாமல் ஏறி விரட்டினார்களாம். 1292 வாக்கில் வந்த மார்க்கோ போலோவோ, வருஷக் கடைசியில் நூறு குதிரைகூட மிஞ்சாது என்கிறார். லாடக்காரர் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். இருவரும் அயலார். கொஞ்சம் உப்பும் காரமும் சேர்த்திருக்கலாம்.

ஆனாலும் எனக்கு அந்தக் குதிரைகளின் வாய்தான் நினைவில் நிற்கிறது. கடிவாளத்துக்கு முரண்டு செய்யும் குதிரையை அடிக்க வேண்டியதே இல்லை. முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடைவெளி உண்டு. அங்கே கட்டைவிரலை மெல்ல வைத்தால் வாய் தானே திறக்கும். வெயிலில் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் ஆற்றி, வெல்லம் தடவி, பல்லில் இடிக்காமல் நுழைக்க வேண்டும். காது நோகாமல் வாரை மாட்ட வேண்டும். ஒருநாள் இடித்துவிட்டால் மறுநாள் தலையை எட்டாத உயரத்துக்குத் தூக்கிக்கொள்ளும். இதற்கு ஆகும் செலவு ஒரு கட்டி வெல்லம், சில நாள் பொழுது.

காயலிலோ, அடுத்த மரக்கலம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.