உலக ராலி வாகையாளர் போட்டி

உலக ராலி வாகையாளர் போட்டி என்பது பன்னாட்டுத் தானுந்துக் கூட்டமைப்பின் மேற்பார்வையில் ஆண்டுதோறும் பல நாடுகளில் நடைபெறும் தானுந்துப் பந்தயத் தொடராகும். இத்தொடர் 1973 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஃபார்முலா 1 போன்ற பந்தயங்கள் இதற்கெனவே அமைக்கப்பட்ட ஓடுதளங்களில் நடைபெறுகின்றன. ராலிப் பந்தயங்களோ மலைச்சாலை, காட்டுப்பாதை, பனி மூடிய பாதை, பாலைவனத் தடம் ஆகியவற்றில் நடைபெறுகின்றன. ஓட்டுநர்கள் ஒருவரையொருவர் முந்திச் செல்வதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே புறப்பட்டுக் கடிகாரத்துடன் போட்டியிடுகின்றனர். குறைந்த மொத்த நேரத்தை எடுத்துக்கொண்டவரே வெற்றி பெற்றவர் ஆவார்.

2025 ஆம் ஆண்டுத் தொடரில் 14 ராலிகள் இடம்பெற்றன. ஓட்டுநர், துணை ஓட்டுநர், தயாரிப்பு நிறுவனம் ஆகிய மூன்று பிரிவுகளில் தனித்தனிப் பட்டங்கள் வழங்கப்படுகின்றன.

வரலாறு

1973 க்கு முன்னரே புகழ்பெற்றிருந்த பல ராலிகள் ஒரே தொடராக இணைக்கப்பட்டதன் விளைவே இப்போட்டியாகும். மான்டி கார்லோ ராலி 1911 ஆம் ஆண்டிலும், பிரித்தானிய ராலி 1932 ஆம் ஆண்டிலும், சஃபாரி ராலி 1953 ஆம் ஆண்டிலும் தொடங்கியவை. முதல் தொடரில் தயாரிப்பு நிறுவனங்களுக்கு மட்டுமே பட்டம் வழங்கப்பட்டது. அதனை ஆல்பைன்-ரெனோ வென்றது. ஓட்டுநர்களுக்கான உலகப் பட்டம் 1979 இல்தான் ஏற்படுத்தப்பட்டது. சுவீடனைச் சேர்ந்த பியோர்ன் வால்டெகார்ட் முதல் வாகையாளர் ஆனார்.

பிரான்சு நாட்டின் செபாஸ்தியன் லோப் 2004 முதல் 2012 வரை தொடர்ச்சியாக ஒன்பது முறை பட்டம் வென்றார். அவருடைய நாட்டவரான செபாஸ்தியன் ஓஜியே 2025 இல் தமது ஒன்பதாவது பட்டத்தை வென்று அந்த எண்ணிக்கையைச் சமன் செய்தார். பின்லாந்தின் கல்லே ரோவன்பெரா 2022 இல் தமது 22 ஆம் வயதில் பட்டம் வென்று மிக இளைய உலக வாகையாளர் ஆனார்.

ஒரு ராலியின் அமைப்பு

ராலியில் இருவகைச் சாலைகள் உண்டு.

1. சிறப்புக் கட்டங்கள்: பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்ட பாதைகள். இங்குதான் வேகம் அளக்கப்படுகிறது. நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை கணக்கிடப்படுகிறது.
2. இணைப்புச் சாலைகள்: ஒரு சிறப்புக் கட்டத்தின் முடிவிலிருந்து அடுத்ததன் தொடக்கத்துக்குச் செல்லும் பொதுச் சாலைகள். இங்குப் போட்டியாளர்கள் மற்ற வாகனங்களோடு சேர்ந்து, அந்நாட்டின் சாலை விதிகளுக்கு உட்பட்டே ஓட்ட வேண்டும். ஆகவே ராலித் தானுந்துகளுக்குப் பதிவெண் பலகையும் விளக்குகளும் கட்டாயம்.

ஒரு ராலியில் பெரும்பாலும் 15 முதல் 20 வரையிலான சிறப்புக் கட்டங்கள் இருக்கும். அவற்றின் மொத்த நீளம் ஏறத்தாழ 300 கி.மீ. ஆகும். இணைப்புச் சாலைகளின் நீளம் இதைவிடப் பலமடங்கு அதிகம்.

போட்டி வாரம் பொதுவாகப் பின்வரும் வரிசையில் அமையும்.

முன்னோட்டம்: போட்டிக்கு முந்தைய நாட்களில் ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் சாதாரணத் தானுந்தில், வேகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் இருமுறை மட்டும் கடந்து பார்க்கலாம். அப்போது பாதைக் குறிப்புகளை எழுதிக்கொள்கின்றனர்.

ஒத்திகை: ஒரு சிறிய தடத்தில் போட்டித் தானுந்தை முழு வேகத்தில் ஓட்டிப் பார்த்து அதன் அமைப்புகளைச் சரிசெய்தல்.

போட்டி நாட்கள்: பெரும்பாலும் வியாழன் மாலை அல்லது வெள்ளி முதல் ஞாயிறு வரை. நாள்தோறும் குறிப்பிட்ட வேளைகளில் தானுந்துகள் பராமரிப்பு வளாகத்துக்கு வரும். அங்கு அனுமதிக்கப்பட்ட நிமிடங்களுக்குள் பழுதுகளைச் சரிசெய்தாக வேண்டும். வெளியே வழியில் பழுது ஏற்பட்டால், தானுந்தில் உள்ள கருவிகளையும் உதிரிகளையும் கொண்டு ஓட்டுநரும் துணை ஓட்டுநரும் தாமே சரிசெய்ய வேண்டும். இயந்திரப் பணியாளர்கள் உதவ இயலாது. இரவில் தானுந்துகள் எவரும் தொடக்கூடாத பூட்டிய வளாகத்தில் நிறுத்தப்படுகின்றன.

ஒவ்வொரு நேரக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கும் குறித்த நிமிடத்தில் வந்து சேர வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் 10 நொடிகள் தண்டமாகச் சேர்க்கப்படும். முன்கூட்டியே வருவது இதைவிடப் பெரிய குற்றம்: ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு முழு நிமிடம் சேர்க்கப்படும். சிறப்புக் கட்டங்களில் மிகச் சிறந்த ஓட்டுநரும், நேரக் கணக்கில் துணை ஓட்டுநர் தவறினால் ராலியை இழக்கக்கூடும்.

விபத்தினாலோ பழுதினாலோ ஒரு நாள் விலகிய போட்டியாளர், தானுந்து பாதுகாப்பான நிலையில் இருந்தால் மறுநாள் மீண்டும் ஓடலாம். ஓடாத ஒவ்வொரு கட்டத்துக்கும் தண்ட நேரம் சேர்க்கப்படும்.

துணை ஓட்டுநரும் பாதைக் குறிப்புகளும்

நூற்றுக்கணக்கான வளைவுகளை இருமுறை மட்டும் பார்த்து நினைவில் வைத்துக்கொள்வது இயலாது. எனவே துணை ஓட்டுநர் பாதைக் குறிப்புகளை உரத்து வாசிக்க, ஓட்டுநர் அதைக் கேட்டே ஓட்டுகிறார். "இடது 4, 100, மேட்டுக்கு மேல் வலது 3, வெட்டாதே" என்பது போல் குறிப்பு அமையும். இதன் பொருள்: நடுத்தர இடது வளைவு, 100 மீட்டர் நேர்ப்பாதை, பின்னர் மேட்டின் உச்சியில் சற்றுக் கூர்மையான வலது வளைவு, உட்புற விளிம்பைக் கடக்கக் கூடாது என்பதாகும். பல அணிகள் வளைவுகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுக்கின்றன; அவற்றில் பெரும்பாலானவை எண் கூடக்கூட வேகம் கூடுதலாகச் செல்லத்தக்க வளைவைக் குறிக்கின்றன. கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தனிக் குறியீடு உண்டு.

மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. குறிப்பை நம்பியே அவர் வேகத்தைக் குறைக்காமல் செல்கிறார். ஒரு வரி பிந்தினாலோ ஒரு எண் மாறினாலோ தானுந்து பாதையை விட்டு விலகும். இதனாலேயே துணை ஓட்டுநருக்கும் தனி உலகப் பட்டம் வழங்கப்படுகிறது. லோபின் ஒன்பது பட்டங்களின்போதும் டேனியல் எலெனாவே துணை ஓட்டுநராக இருந்தார்.

புறப்படும் வரிசையும் அதன் விளைவும்

முதல் முழு நாளில் தொடரின் புள்ளிப் பட்டியலில் முன்னிலையில் இருப்பவர் முதலில் புறப்படுகிறார். பிந்தைய நாட்களில் அந்த ராலியின் தரவரிசைக்கு எதிர்வரிசையில் புறப்படுகின்றனர்; அதாவது முன்னிலையில் உள்ளவர் முன்னணிப் போட்டியாளர்களுள் கடைசியாகச் செல்வார். தானுந்துகளுக்கு இடையே சில நிமிட இடைவெளி விடப்படுகிறது. புழுதி மிகுந்த இடங்களில் இந்த இடைவெளி கூட்டப்படும்.

சரளைப் பாதையில் முதலில் செல்பவர் மேலே தளர்வாகக் கிடக்கும் கற்களையும் மண்ணையும் துடைத்துச் செல்கிறார். அடுத்து வருபவர்களுக்கு அடியிலுள்ள கெட்டியான தரை கிடைப்பதால் பிடிமானம் கூடுகிறது. ஆகவே முன்னிலையில் இருப்பதே ஒருவகைச் சுமையாகிறது. தார்ச்சாலையில் நிலைமை தலைகீழ்: முன்னே சென்றவர்கள் வளைவுகளின் உட்புறத்தை வெட்டிச் செல்லும்போது மண் சாலையில் இழுத்து வரப்படுவதால், பின்னே வருபவருக்குப் பிடிமானம் குறைகிறது. மழை பெய்தால் இக்கணக்குகள் அனைத்தும் மாறிவிடும்.

புள்ளிகள்

2025 ஆம் ஆண்டு விதிகளின்படி முதல் பத்து இடங்களுக்கு முறையே 25, 17, 15, 12, 10, 8, 6, 4, 2, 1 புள்ளிகள் வழங்கப்பட்டன. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மட்டும் தனியே கணக்கிட்டு முதல் ஐவருக்கு 5 முதல் 1 வரை புள்ளிகள் தரப்பட்டன. பவர் ஸ்டேஜ் எனப்படும் இறுதிக் கட்டத்தின் முதல் ஐவருக்கும் அவ்வாறே 5 முதல் 1 வரை தரப்பட்டன. ஆகவே ஒரு ராலியில் ஓட்டுநர் பெறக்கூடிய உயர் அளவு 35 புள்ளிகள் ஆகும். பவர் ஸ்டேஜ் 2011 இல் அறிமுகமானது. வெற்றி கைக்கு எட்டாதவரும் கடைசி நாளில் மெதுவாக ஓட்டாமல் முயல்வதற்காகவே இத்தகைய விதிகள் ஏற்படுத்தப்பட்டன.

பல மணி நேர ஓட்டத்தின் முடிவும் சில வேளைகளில் இமைப்பொழுதில் தீர்மானிக்கப்படுவதுண்டு. 2011 ஜோர்டான் ராலியில் ஓஜியே 0.2 நொடி வேறுபாட்டில் வென்றார். 2024 சார்தீனியா ராலியில் ஒட் தானக்கிடம் அதே 0.2 நொடி வேறுபாட்டில் ஓஜியே தோற்றார். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் செல்லும் தானுந்து 0.2 நொடியில் கடக்கும் தொலைவு சுமார் 5.5 மீட்டர் மட்டுமே.

ராலிகளின் வகைகள்

தரையின் தன்மையைப் பொறுத்து ராலிகள் சரளை, தார்ச்சாலை, பனி, கலப்பு என வகைப்படுத்தப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் டயர், அதிர்வுதாங்கி, தரையிலிருந்து தானுந்தின் உயரம் ஆகியவை மாற்றி அமைக்கப்படுகின்றன.

மான்டி கார்லோ (கலப்பு): சனவரி மாதத்தில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் நடைபெறுகிறது. ஒரே கட்டத்தில் காய்ந்த தார், ஈரம், உறைபனி, பனி ஆகிய அனைத்தும் எதிர்ப்படலாம். ஆகவே எந்த டயரைத் தேர்ந்தாலும் பாதையின் ஒரு பகுதிக்கு அது பொருந்தாது. பனி நிலைமையை அறிய அணிகள் தம் சொந்தக் கண்காணிப்பாளர்களைப் போட்டிக்குச் சற்று முன்னர் பாதையில் அனுப்புகின்றன. 1,607 மீட்டர் உயரமுள்ள தூரினி கணவாய் இதன் புகழ்பெற்ற பகுதியாகும்.

சுவீடன் (பனி): முழுவதும் பனியில் நடைபெறும் ராலி. ஒடுக்கமான டயர்களில் நூற்றுக்கணக்கான உலோக ஆணிகள் பதிக்கப்பட்டிருக்கும். அவை உறைபனியைக் கடித்துப் பிடிப்பதால் வேகம் வியப்பளிக்கும் அளவுக்கு உயர்கிறது. ஓட்டுநர்கள் பாதையோரப் பனிச்சுவரில் தானுந்தைச் சாய்த்து வளைவுகளைக் கடப்பதுண்டு. சுவர் தளர்வாக இருந்தால் அதிலேயே புதைந்து விடுவதும் உண்டு. 2004 இல் லோப் வெல்லும் வரை இங்கு நார்டிக் நாட்டவர் அல்லாத எவரும் வென்றதில்லை.

பின்லாந்து (விரைவான சரளை): யூவாஸ்கூலா நகரைச் சுற்றியுள்ள காட்டுப்பாதைகளில் நடைபெறுகிறது. மேடுகளில் தானுந்துகள் காற்றில் பறந்து இறங்குகின்றன. வெற்றியாளரின் சராசரி வேகம் மணிக்கு 120 கி.மீ. ஐத் தாண்டுவது வழக்கம். நார்டிக் நாட்டவர் அல்லாதவரின் முதல் வெற்றி 1990 இல் ஸ்பெயினின் கார்லோஸ் சைன்சுக்குக் கிடைத்தது.

அக்ரோபோலிஸ் (கரடுமுரடான சரளை): கிரேக்கத்தின் பாறைப் பாதைகளும் கோடை வெப்பமும் தானுந்தின் உறுதியைச் சோதிக்கின்றன. இங்கு வேகத்தைவிடத் தானுந்தைக் காப்பாற்றுவதே முதன்மையானது.

கோர்சிகா (தார்ச்சாலை): 1956 இல் தொடங்கிய இது பத்தாயிரம் வளைவுகளின் ராலி என அழைக்கப்பட்டது. உலகத் தொடரில் கடைசியாக 2019 இல் இடம்பெற்றது.

சப்பான் (தார்ச்சாலை): முன்னர் ஹொக்கைடோ தீவின் சரளைப் பாதைகளில் நடைபெற்ற இந்த ராலி, 2022 முதல் ஐச்சி, கிஃபு மாநிலங்களின் குறுகிய மலைச்சாலைகளில் நடைபெறுகிறது.

சஃபாரி (சரளை): 1953 இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவையொட்டிக் கிழக்கு ஆப்பிரிக்காவில் தொடங்கப்பட்டது. பழைய சஃபாரி ராலி பல ஆயிரம் கி.மீ. நீளம் கொண்டது. பொதுப் போக்குவரத்துக்கு மூடப்படாத சாலைகளிலேயே நடைபெற்றதால், எதிரே வரும் வாகனங்களையும் விலங்குகளையும் எச்சரிக்க அணிகள் உலங்கு வானூர்திகளைப் பயன்படுத்தின. 2002 க்குப் பின் தொடரிலிருந்து விலகிய இந்த ராலி, 2021 இல் நைவாஷாவை மையமாகக் கொண்டு, மூடிய கட்டங்களுடன் திரும்பியது.

2025 இல் கேனரி தீவுகள், பராகுவே, சவூதி அரேபியா ஆகிய இடங்களின் ராலிகள் முதன்முறையாகத் தொடரில் சேர்க்கப்பட்டன.

தானுந்துகள்

1981 இல் ஆடி குவாட்ரோ நான்கு சக்கர உந்தலைக் கொண்டு வந்தது; சில ஆண்டுகளில் அது இன்றியமையாததாயிற்று. அவ்வாண்டு சான்ரெமோ ராலியில் அதே தானுந்தை ஓட்டிய மிஷெல் மூட்டோன், உலகத் தொடரின் ராலி ஒன்றை வென்ற முதல் பெண் ஆனார். அவருடைய துணை ஓட்டுநர் ஃபாப்ரிசியா போன்சும் பெண்ணே. 1997 இல் உலக ராலித் தானுந்து என்னும் வகுப்பும், 2022 இல் மின்னோடி இணைந்த ராலி1 வகுப்பும் அறிமுகமாயின. 2025 இல் மின்னோடி நீக்கப்பட்டு, 1.6 லிட்டர் டர்போ பொறி மட்டும் தொடர்ந்தது.

பாதுகாப்பு

1982 முதல் 1986 வரை இருந்த பி பிரிவு வகுப்பில் தானுந்துகளின் ஆற்றலுக்குக் கட்டுப்பாடு மிகக் குறைவு. எடை குறைந்த தானுந்துகளின் ஆற்றல் 500 குதிரைத்திறனை நெருங்கியது. பார்வையாளர்களோ பாதையிலேயே நின்று, தானுந்து அருகில் வரும்போது மட்டும் விலகினர். 1985 மே 2 அன்று கோர்சிகாவில் அத்திலியோ பெத்தேகா உயிரிழந்தார். 1986 மார்ச்சு மாதத்தில் போர்த்துகல் ராலியில் ஒரு தானுந்து கூட்டத்தில் பாய்ந்ததில் பார்வையாளர்கள் உயிரிழந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். முன்னணி ஓட்டுநர்கள் அந்த ராலியைத் தொடர மறுத்து விலகினர். அதே ஆண்டு மே 2 அன்று கோர்சிகாவில் முன்னிலையில் இருந்த ஹென்றி தோய்வோனெனும் துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்தோவும் தானுந்து பள்ளத்தில் வீழ்ந்து தீப்பற்றியதில் உயிரிழந்தனர். 1987 முதல் இவ்வகுப்பு உலகத் தொடரில் தடை செய்யப்பட்டது.

இன்று பார்வையாளர் ஆபத்தான இடத்தில் நின்றால் அக்கட்டமே நிறுத்தப்படலாம். ஒவ்வொரு தானுந்தும் செயற்கைக்கோள் வழி கண்காணிக்கப்படுகிறது. விபத்தில் சிக்கியோர் தாம் நலம் எனவோ, உதவி தேவை எனவோ அடையாளம் காட்ட வேண்டும். உதவி கேட்கப்பட்டால் அடுத்து வரும் போட்டியாளர் நின்றே ஆக வேண்டும். அவர் இழந்த நேரம் ஈடு செய்யப்படுகிறது. 2020 மான்டி கார்லோ ராலியில் பெருவேகத்தில் மலைச்சரிவில் உருண்ட தானுந்திலிருந்து தானக்கும் மார்ட்டின் யார்வெயோயாவும் பெருங்காயமின்றி வெளியேறியது, கூண்டுச் சட்டம் முதலிய பாதுகாப்பு அமைப்புகளின் முன்னேற்றத்தைக் காட்டியது.

இந்தியத் தொடர்புகள்

இத்தொடரின் ராலி எதுவும் 2025 வரை இந்தியாவில் நடைபெற்றதில்லை. எனினும் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர் சஃபாரி ராலியில் பெரும்புகழ் பெற்றனர். பறக்கும் சீக்கியர் எனப்பட்ட ஜோகிந்தர் சிங் 1965, 1974, 1976 ஆகிய ஆண்டுகளில் வென்றார். சேகர் மேத்தா 1973 இலும், 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறையும் வென்றார். ஆசிய-பசிபிக் ராலி வாகையாளர் பட்டத்தை 2013, 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் வென்ற கௌரவ் கில், 2019 இல் தானுந்து விளையாட்டுக்காக அர்ச்சுனா விருது பெற்ற முதல் இந்தியர் ஆனார்.