மலையேறிய மானியம்

அஞ்சுநாட்டு ஏடுகள் – 14

மறையூரிலிருந்து காந்தலூருக்கு ஏறும் சாலையில் வெல்லம் காய்ச்சும் வாசம் கொஞ்ச தூரம் கூடவே வரும். அது விட்டுப்போகும் இடத்தில் பூண்டு வாசம் பிடித்துக்கொள்ளும். அப்படி ஒரு படிக்கட்டு வயல் ஓரத்தில் பூண்டைத் தாளோடு கற்றை கட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனவர், ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையை எடுத்துவந்தார். உள்ளே நான்காய் மடித்த ஒரு டி.சி. மடிப்புகள் நைந்து, பின்பக்கம் நோட்டுத்தாள் வெட்டி ஒட்டியிருந்தது.

அச்சடித்த தலைப்புகள் எல்லாம் மலையாளம். தாய்மொழி என்ற கட்டத்துக்கு நேரே மையால் எழுதியிருந்த ஒரே சொல், தமிழ். அந்தச் சொல்லும் மலையாள எழுத்தில்தான் இருந்தது.

“அஞ்சாப்பு வரைக்கும் தமிழ்லதாங்க படிச்சேன்” என்றார் பெரியவர்.

அந்தக் கட்டத்தில் அந்தச் சொல் வருவதற்கு உரிமை தந்தது யார்? அதை எழுதிய வாத்தியாருக்குச் சம்பளம் வந்த வழி எது? இரண்டுக்கும் பதில் காகிதங்களில் இருக்கிறது. ஆனால் வெவ்வேறு கட்டுகளில். அந்த இரண்டு கட்டுகளும் ஒன்று சேராமலே போனதுதான் இந்த வாரக் கதை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ராஜராஜ சோழனின் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை இந்த ஊர்தானா என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அது திருவனந்தபுரத்துப் பக்கம். எழுத்தில் ளகரம் லகரமாகும் வித்தியாசம்தான், இடத்திலோ பல நாள் நடை. ஆனால் அந்தச் சாலையைப் பற்றி இங்கே ஒரு சேதி சொல்லியாக வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கல்விச்சாலை வைத்தான். காந்தளூர்ச் சாலையின் முறைப்படியே அது நடக்க வேண்டும் என்று செப்பேட்டில் எழுதிவைத்தான். படிக்கும் சட்டர் 95 பேர். முன்சிறைச் சபையாரிடம் நிலத்துக்கு நிலம் கொடுத்து இடம் வாங்கி, அவர்கள் சோற்றுக்கு வேறு நிலங்களை ஒதுக்கினான். யார் படிக்கலாம் என்பதில் அந்தச் சாலை மிகக் குறுகியது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளியும் நிலமும் ஒரே செப்பேட்டில் இருந்தன. நிலம் விளையும் வரை சட்டர் பசியாறுவார்கள்.

ஆயிரம் ஆண்டு தள்ளி 1817-க்கு வருவோம். திருவிதாங்கூரில் அரசப் பொறுப்பேற்றிருந்த ராணி கௌரி பார்வதி பாய்க்கு அப்போது வயது 15. குடிமக்களின் கல்விச் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்று அவர் பெயரில் ஒரு நீட்டு வந்தது. இந்தியாவில் அந்தக் காலத்தில் இப்படிச் சொன்ன ஆணைகள் அரிது. கேரளத்தின் கல்விக் கதையை எழுதுகிறவர்கள் எல்லாம் இந்த நீட்டிலிருந்தே தொடங்குகிறார்கள். அஞ்சுநாட்டுக் கதையை அங்கிருந்து தொடங்க முடியாது. மறையூரும் காந்தலூரும் கீழாந்தூரும் காரையூரும் கொட்டகுடியும் அப்போது பூஞ்சாற்றுத் தம்புரானின் மலை.

நேராக 1954-க்குப் போகலாம்.

மார்ஷல் நேசமணி என்று தென்திருவிதாங்கூர்த் தமிழர் அழைத்த வழக்கறிஞர் ஏ. நேசமணி, நாகர்கோவில் தொகுதியின் மக்களவை உறுப்பினர். திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸின் தலைவர்களில் ஒருவர். அஞ்சுநாடு அடங்கிய தேவிகுளமும், பீர்மேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று மூணாறில் தடையை மீறிக் கைதானவர். அவர் கட்சி கேட்ட 9 தாலுக்காக்களில் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரும் ஒன்று. 1955 செப்டம்பர் 30 அன்று மாநில மறுசீரமைப்பு ஆணையம் அறிக்கை கொடுத்தது. தெற்கே நான்கு தாலுக்காக்களும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தன. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர், நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றன.

தேவிகுளத்தில் தமிழ் பேசுவோரே பெரும்பான்மை என்பதை ஆணையம் மறுக்கவில்லை. அவர்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து போகிறவர்கள் என்ற வாதம்தான் எடுபட்டது. எனக்கு இந்த இடம் எப்போதும் நெருடும். தோட்டத் தொழிலாளிக்கே அந்த வாதம் அநியாயம். அஞ்சுநாட்டு வேளாளருக்கோ அது பொருந்தவே பொருந்தாது. கண்ணன் தேவன் மலையை வெள்ளைக்காரர் குத்தகைக்கு எடுத்தது 1877-ல். அதற்குப் பல தலைமுறை முன்பே இந்த ஐந்து ஊர்களில் மந்தையும் கோயிலும் நெல்வயலும் இருந்தன. பழங்குடிகளான முதுவர்களையும் மலைப்புலையர்களையும் வந்து போகிறவர் என்று யாரால் சொல்ல முடியும்?

எல்லை முடிந்தது. எல்லைக்கு அப்பால் நின்றவர்களுக்கு ஆறுதலாக அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்ந்தது. 1956-ன் ஏழாவது திருத்தம் கொண்டுவந்த 350ஏ. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தரப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் உள்ளாட்சி அமைப்பும் முயல வேண்டும் என்கிறது அது. அடுத்த பிரிவு 350பி, இதைக் கண்காணிக்க ஒரு தனி அதிகாரியை வைத்தது. முதல் அதிகாரி அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி பி. மாலிக். அவர் அலுவலகமும் அலகாபாத்திலேயே அமைந்தது. ஒரு கணக்கும் இருந்தது. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள், அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் அந்த மொழி பேசினால் அந்த மொழி ஆசிரியர் ஒருவரைப் போட வேண்டும். 1949-ல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் கூடி எடுத்த முடிவு அது.

பெரியவரின் டி.சி.யில் இருக்கும் சொல்லுக்கு உரிமை தந்தது இந்தக் கட்டுதான். எத்தனை முறை புரட்டினாலும் இதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. ‘முயல வேண்டும்’ என்றுதான் பிரிவு சொல்கிறது. முயல்வதற்கான செலவு யாருடையது என்ற பேச்சே இல்லை. அந்தக் கணக்கையும் பாருங்கள். சமவெளியில் 40 பிள்ளைகள் ஒரு தெரு. மலையில் ஒரு முதுவக்குடியில் மொத்த வீடுகளே அத்தனை இருக்காது.

பணம் வேறு கட்டில் இருந்தது. அதைப் புரிந்துகொள்ள இன்னொரு காங்கிரஸ்காரரிடம் போக வேண்டும். நேசமணி பிறந்த அதே 1895-ல் தஞ்சை மாவட்டத்தில் பிறந்த கே. சந்தானம். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், ரயில்வே இணை அமைச்சர், பிறகு இரண்டாவது நிதி ஆணையத்தின் தலைவர். பின்னாளில் ஊழல் தடுப்புக்கான சந்தானம் குழு என்று பேர் வாங்கியதும் இவர் தலைமை ஏற்ற குழுதான். மத்திய–மாநில உறவு பற்றி இவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1960-ல் புத்தகமாக வந்தன.

சந்தானம் சுட்டிக்காட்டியது இது. மாநிலங்களுக்கு மானியம் தர இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று 275-ஆவது பிரிவு. நிதி ஆணையம் ஆராய்ந்து பரிந்துரைப்பது. மற்றது 282. ‘பொதுக் காரியம்’ எதற்கும், அது தன் அதிகார எல்லைக்கு வெளியே இருந்தாலும், மத்திய அரசு மானியம் தரலாம். எப்போதாவது அவசரத்துக்கென்று வைத்த பக்கவாசல் அது. திட்டக் குழு வந்தபின் அதுவே தலைவாசலாகிவிட்டது. காகிதத்தில் கூட்டாட்சி, காசு விஷயத்தில் ஒற்றையாட்சி என்ற நிலைக்கு நாடு போய்விட்டது என்று, டெல்லியில் பதவிகள் வகித்த ஒருவரே எச்சரித்தார். கல்வி அப்போது மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-ல் 42-ஆவது திருத்தம்தான் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது.

282 வழியாக வரும் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. அது திட்டமாக வரும். திட்டத்துக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு.

இதே சிக்கலை அமெரிக்கா எப்படிக் கையாண்டது என்று பார்ப்பது உதவும். அங்கே கென்டக்கியின் கிழக்கு மலைப் பகுதிக்கு 1949 முதல் 1984-ல் இறக்கும்வரை கீழவை உறுப்பினராக இருந்தவர் கார்ல் பெர்கின்ஸ். இளமையில் மலைப் பள்ளியில் வாத்தியார். உள்ளூர்ப் பள்ளிகளுக்கு மத்திய உதவி தரும் 1965-ன் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்ட மசோதாவைக் கீழவையில் கொண்டுவந்தவர். அவர் காகிதங்கள் இன்று கிழக்குக் கென்டக்கிப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் 1965 ஏப்ரல் 11 அன்று டெக்சாஸில் தான் முதன்முதலில் படித்த பள்ளிக்கூடத்து வாசலில், தன் முதல் ஆசிரியையைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையெழுத்திட்டார். ஏழைப் பிள்ளைகளின் தலையெண்ணிப் பணம் பிரித்தது அது. 1968-ல் செனட்டர் ரால்ஃப் யார்பரோவின் முயற்சியால் அதே சட்டத்தில் ஓர் அத்தியாயம் சேர்ந்தது. வீட்டில் ஸ்பானிய மொழி போன்றவற்றைப் பேசும் பிள்ளைகளுக்குத் தாய்மொழித் துணையோடு கற்பிக்கப் பணம். நம் 350ஏ சொன்ன அதே காரியம், பணப்பையோடு. அந்த அத்தியாயமும் 2002-ல் கலைக்கப்பட்டது. ஆனாலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வார்த்தையும் காசும் ஒரே காகிதத்தில் இருந்தன.

நம் மலைக்குத் திரும்புவோம். 1957-ல் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கேரளக் கல்வி மசோதா பெரும் புயலைக் கிளப்பியது. குடியரசுத் தலைவர் அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார், 1958 மே மாதம் கருத்து வந்தது, 1959-ல் ஆட்சியே கலைந்தது. எய்டட் பள்ளி ஆசிரியருக்கு அரசே நேராகச் சம்பளம் தரும் முறை இதனால் நிலைத்தது, அது பெரிய காரியம். ஆனால் புயல் அடித்தது சமவெளியில். பள்ளியே இல்லாத குடிகளுக்கு அது பதில் சொல்லவில்லை.

அவர்களுக்குப் பதில் வந்தது 1990-களின் பிற்பகுதியில், டி.பி.இ.பி. என்ற மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் வடிவில். செலவில் 85 பங்கு மத்திய அரசு, 15 பங்கு மாநிலம். மத்திய அரசின் பங்கிலும் பெரும்பகுதி உலக வங்கி முதலான வெளியார் நிதி. கேரளத்தில் இரண்டாம் கட்டத்துக்குத் தேர்ந்த மூன்று மாவட்டங்களில் இடுக்கியும் பாலக்காடும் இருந்தன. ஏகாத்யாபக வித்யாலயம் என்ற ஓராசிரியர் பள்ளிகள் இப்படித்தான் காட்டுக்குள் முளைத்தன.

ஒரே அறை. நான்கு வகுப்பு. பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை வட்டம் வட்டமாகப் பிரித்து, ஒரு வட்டம் எழுதும்போது மற்ற வட்டத்துக்குப் பாட்டு. டீச்சருக்குப் பெயர் வித்யா வாலண்டியர். சம்பளம் இல்லை, மதிப்பூதியம்தான். பிள்ளை பேசுவது தமிழை ஒட்டிய முதுவர் பேச்சு. பாடப் புத்தகம் மலையாளம். அங்கே மொழிபெயர்ப்பாளரும் அந்த ஒரே டீச்சர்தான்.

டி.பி.இ.பி.யை அடுத்து 2001-ல் சர்வ சிக்ஷா அபியான் வந்தது. 2018-ல் சமக்ர சிக்ஷா. மத்திய அரசின் பங்கு 85-லிருந்து படிப்படியாக இறங்கி 60-ல் நிற்கிறது. 2010-ல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு இத்தனை அறை, இத்தனை ஆசிரியர் என்று இலக்கணம் வகுத்தது. ஓர் அறையும் ஒரு டீச்சரும் அந்த இலக்கணத்தில் அடங்கவில்லை. பிள்ளைகளை முறையான பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் மாற்றுகிறோம் என்ற விளக்கத்தோடு, 2022-ல் கேரள அரசு இந்தப் பள்ளிகளை மூடியது. முந்நூற்றுக்கும் மேற்பட்ட வித்யா வாலண்டியர்கள் வெளியே வந்தார்கள். அவர்களுக்கு அரசுப் பள்ளிகளில் துப்புரவுப் பணி தருவதாகச் சொன்னார்கள். இருபது வருடம் அட்டையும் புத்தகமும் சுமந்து காடு ஏறியவர்களில் சிலர் அந்த ஜூன் மாதமே துடைப்பம் பிடித்தார்கள். விதிப்படி அது சரியாகவே இருக்கலாம். என் மனம் இன்றுவரை அதை ஏற்கவில்லை.

இப்போது இதே சமக்ர சிக்ஷா நிதியை, பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தோடும் தேசியக் கல்விக் கொள்கையோடும் முடிச்சுப் போட்டு நிறுத்திவிட்டார்கள் என்று தமிழ்நாடு 2025-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. கேட்கும் தொகை வட்டியோடு 2,291 கோடி ரூபாய். பக்கவாசல் என்று சந்தானம் சொன்னதை இப்போது இரண்டு மாநிலத்துப் பள்ளிக்கூடங்களும் சேர்ந்தே அனுபவிக்கின்றன.

கிளம்பும்போது பெரியவரின் பேத்தி பள்ளி விட்டு வந்தாள். டி.சி.யை அவள் கையில் கொடுத்து, “வாசிச்சுக் காட்டும்மா” என்றார். அவள் ஒவ்வொரு தலைப்பாக மலையாளத்தில் வாசித்து, எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். தாய்மொழிக் கட்டத்துக்கு வந்ததும் நின்றாள்.

“தாத்தா, இது எழுதினது உங்க சாரா?”

“ஆமா. எங்க சார் உடுமலைக்காரரு. அவருக்கு மலையாளம் எழுதக் கத்துக்கொடுத்ததே எங்கப்பாதான்” என்றார் அவர், பூண்டுக் கற்றையை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டு.

(தொடரும்)