புகைபோக்கி இல்லாத தூசி: ஒரு சட்டச் சொல்லின் வரலாறு

1981ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் 'உமிழ்வு' என்னும் சொல்லுக்குத் தரப்பட்டுள்ள வரையறையைச் சில வாரங்களாகத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். புகைபோக்கி, குழாய், புகைவழி அல்லது வேறெந்த வெளியேறு வாயிலின் வழியாகவும் வெளிவரும் திட, திரவ, வாயுப் பொருளே உமிழ்வு என்பது அதன் சாரம். மொழியியல் பயின்ற எனக்கு இவ்வரையறையில் உறுத்துவது ஒன்றுதான். பொருளின் தன்மையைக் கொண்டு சொல் வரையறுக்கப்படவில்லை. அப்பொருள் வெளியேறும் வாயிலைக் கொண்டு வரையறுக்கப்பட்டிருக்கிறது. அவ்வாறெனில், வாயிலே இல்லாமல் எழும் தூசிக்குச் சட்டத்தில் என்ன பெயர்?

இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க, நகர விளிம்புகளில் நாம் அன்றாடம் கடந்துசெல்லும் ஆயத்தக் கான்கிரீட் கலவை ஆலை ஏற்ற இடம். சிமெண்ட் ஏற்றிவரும் பல்கர் லாரி, காற்றழுத்தத்தின் உதவியால் தன் சுமையை உயரமான சைலோவுக்குள் செலுத்துகிறது. அப்போது உள்ளிருந்து வெளித்தள்ளப்படும் காற்று, சைலோவின் உச்சியிலுள்ள பை வடிகட்டி வழியே வெளியேறுகிறது. சட்டம் பேசும் 'வாயில்' என்று ஐயமின்றிச் சுட்டத்தக்கது அங்கே அது ஒன்றே. ஜல்லியும் மணலும் கொட்டப்படும் தொட்டிகள், கன்வேயர் பெல்ட், கலவை இயந்திரத்தின் வாய், லாரிச் சக்கரங்கள் அரைக்கும் மண்பாதை, கழுவிவிட்ட சிமெண்ட் குழம்பு உலர்ந்து பொடியாகும் முற்றம் ஆகிய எவற்றுக்கும் புகைபோக்கி கிடையாது.

சட்டத்தின் கற்பனையில் புகைபோக்கி இத்துணை வலுவாக நிற்பதற்குக் காலனியக் காலத்துப் பின்புலம் உண்டு. கல்கத்தா, ஹௌரா நகரங்களுக்கான புகைத் தொல்லைச் சட்டம் 1863இல் இயற்றப்பட்டது. வங்காளப் புகைத் தொல்லைச் சட்டம் 1905இலும் பம்பாய்ச் சட்டம் 1912இலும் வந்தன. சணல் ஆலை, பருத்தி ஆலை, நீராவி எந்திரம் ஆகியவற்றின் நிலக்கரிப் புகையே அக்காலத்துக் காற்று மாசு. அதற்கு ஒரு நிறம் இருந்தது. அது எழும் இடமும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. தொலைவில் நின்று புகையின் கருமையை மதிப்பிட்டு, இன்ன ஆலையின் குற்றம் என்று ஆய்வாளர் எழுதிவிட முடிந்தது. மாசு என்றால் உயரத்திலிருந்து வருவது, ஓர் உரிமையாளருக்கு உரியது என்னும் புரிதல் இவ்வாறு நிலைபெற்றது.

1972ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் மாநாட்டு முடிவுகளை நிறைவேற்றும் பொருட்டு இயற்றப்படுவதாக 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகவுரை கூறுகிறது. ஆனால் அதன் உள்ளமைப்பில் பழைய புரிதல் தொடர்ந்தது. ஆலை நடத்த மாநில வாரியத்தின் இசைவைப் பெற வேண்டும் என்னும் 21ஆம் பிரிவு, தேவையான இடங்களில் வாரியம் ஏற்கும் அளவுகளில் புகைபோக்கி எழுப்பப்பட வேண்டும் என்பதை இசைவின் நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்தது. முதலில் அட்டவணையில் பெயர் சுட்டப்பட்ட தொழில்களுக்கே இசைவு தேவைப்பட்டது. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வட்டவணையை நீக்கி, காற்று மாசுக் கட்டுப்பாட்டுப் பகுதியிலுள்ள எந்தத் தொழில் ஆலைக்கும் அதை விரிவாக்கியது. கலவை ஆலைகள் சட்டத்திற்குள் நுழைந்தது இவ்விரிந்த கதவு வழியாகத்தான். ஆயத்தக் கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் 1968லேயே வெளிவந்துவிட்டபோதும், அத்தொழில் வணிகமுறையில் பரவியது 1990களில். சட்டம் எழுதப்பட்டபோது நம் நகரங்களில் அது ஏறத்தாழ இல்லாத தொழில்.

வாயிலற்ற தூசியைச் சட்டம் முதலில் நேருக்கு நேர் சந்தித்த இடங்களுள் முக்கியமானது கல்லுடைக்கும் ஆலை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் முதல் அட்டவணையில் அதற்கென வகுக்கப்பட்ட நெறியை ஆய்வு மாணவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும். எந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டர் தொலைவுக்குள் அளக்கும்போது, மிதக்கும் துகள்கள் ஒரு கன மீட்டருக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது என்கிறது அது. புகைபோக்கியின் இடத்தை இங்கே எந்திரத்தைச் சுற்றிய ஒரு வட்டம் பிடித்துக்கொண்டது. உடன் வந்த நிபந்தனைகளும் புதியவை: காற்றுத் தடுப்புச் சுவர், வளாகத்துக்குள் உறுதியான சாலை, தரையை ஒழுங்காகப் பெருக்கி நனைத்தல், எல்லையோர மரவரிசை. பின்னாளில் கலவை ஆலைகளின் இசைவாணைகளில் நாம் காணும் சொற்களின் முன்னோடிகள் இவை. இத்தகைய தூசிக்கு நிர்வாக ஆங்கிலம் சூட்டிய பெயர் 'ஃபியூஜிட்டிவ் எமிஷன்'. தப்பியோடிய உமிழ்வு என்று பொருள்படும். குறித்த வாயில் வழியே வராமல் போனதே அதன் இலக்கணமாயிற்று.

இவ்வரலாற்றில் நான் நீண்ட நேரம் நின்ற இடம் தில்லியின் லால் குவான். ஆரவல்லித் தொடரின் குவார்ட்சைட் பாறையை உடைத்துப் பொடிக்கும் ஆலைகள் நிறைந்திருந்த பகுதி அது. 1992 மே 15 அன்று, எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், லால் குவான், ஆனந்த் பர்பத், ரஜோக்ரி முதலிய இடங்களின் கல்லுடைக்கும் ஆலைகள் அவ்வாண்டு ஆகஸ்ட் 15 முதல் இயங்கக் கூடாது என்றும், ஹரியானாவின் பாலி கிராமப் பகுதியில் அவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நகரவாசிகளின் தூய காற்றுக்கான உரிமை வரலாற்றில் இத்தீர்ப்புக்கு உறுதியான இடமுண்டு. ஆலைகள் போயின. அவற்றில் உழைத்தவர்களின் நுரையீரலில் படிந்த சிலிக்கா போகவில்லை. சிலிகோசிஸ், தூசியை விட்டு விலகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் முற்றக்கூடிய நோய். தீர்க்கும் மருந்து இல்லை. காசநோய் என்று தவறாகக் கணிக்கப்படுவதும் வழக்கம். ஆலைகள் மூடப்பட்ட பின்னரும் லால் குவானின் பெயர் சிலிகோசிஸ் தொடர்பாகவே நெடுங்காலம் பேசப்பட்டது.

அதன் பின் விதிகள் பெருகின. 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர நெறிகள் 'மிதக்கும் மொத்தத் துகள்' என்ற பழைய அளவைக் கைவிட்டு, 10 மைக்ரானுக்கும் 2.5 மைக்ரானுக்கும் உட்பட்ட நுண்துகள்களைக் கணக்கிலெடுத்தன. 2016இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை நிறவாரியாக மறுவகைப்படுத்தியபோது, சிமெண்ட் ஆலை சிவப்பிலும் கல்லுடைக்கும் ஆலை ஆரஞ்சிலும் ஆயத்தக் கலவை ஆலை பச்சையிலும் இடம்பெற்றன. 2018 ஜனவரி 25 நாளிட்ட திருத்தம், கட்டுமானத் தூசிக்கெனத் தனி நெறிகளைச் சேர்த்தது: கட்டட உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதிகபட்சம் 10 மீட்டர் வரையிலான காற்றுத்தடுப்பு, மணலும் இடிபாடும் திறந்து கிடக்கத் தடை, திறந்தவெளியில் கல் அறுக்கவும் அரைக்கவும் தடை. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தின் படிநிலைத் திட்டப்படி, தலைநகர் வட்டாரத்தில் மாசு கடுமையாகும்போது கலவை ஆலைகளின் இயக்கமும் நிறுத்தப்படுகிறது.

இவற்றை வரிசையாக வாசிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. தூசியைக் காணும் திறனைச் சட்டம் படிப்படியாகப் பெற்றது உண்மை. ஆனால் அதன் பார்வை வளாகச் சுவரிலிருந்து வெளிநோக்கியே விரிந்தது. சுவருக்கு உள்ளே அதே தூசி வேறொரு சட்டத்தின் பொருள். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 14ஆம் பிரிவில் தூசியையும் ஆவியையும் பற்றிப் பேசியது; சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாகப் பட்டியலிட்டது; சுவாசிக்கத்தக்க குவார்ட்ஸ் தூசிக்கு வரம்பும் வகுத்தது. 10 என்ற எண்ணை, குவார்ட்ஸ் விழுக்காட்டுடன் 2ஐக் கூட்டி வகுத்தால் மில்லிகிராமில் அவ்வரம்பு கிடைக்கும். தூசியில் 30 விழுக்காடு குவார்ட்ஸ் எனக் கொண்டால் கன மீட்டருக்குச் சுமார் 310 மைக்ரோகிராம். சுவருக்கு வெளியே 10 மைக்ரான் துகள்களுக்கு 24 மணிநேர வரம்பு 100. முன்னது எட்டு மணிநேர வேலைக்கானது, துகளின் அளவெல்லையும் வேறு. ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிட இயலாது. இந்த ஒப்பிட முடியாமையையே நான் சுட்ட விரும்புகிறேன். ஒரே தூசி இரண்டு அலகுகளில், இரண்டு அலுவலர்களால், இரண்டு கோப்புகளில் அளக்கப்படுகிறது. ஒரு கோப்பு மற்றதை வாசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தப் பிளவின் விலையைக் கொடுப்பவர் யார் என்பது தடைக்காலங்களில் புலப்படும். 2021 நவம்பரில் தில்லிக் கட்டுமானத் தடையின்போது, வேலையிழந்த கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தொழிலாளர் நல வரி நிதியிலிருந்து உதவித்தொகை வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வரவேற்கத்தக்க ஆணை. எனினும் 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம், தொழிற்சாலைகள் சட்டத்துக்கு உட்பட்ட பணிகளைத் தன் வரையறையிலிருந்து விலக்கியது. தொழிற்சாலையாகப் பதிவான கலவை ஆலையில் மணல் தள்ளுபவர், அவ்வரையறைப்படி கட்டுமானத் தொழிலாளி ஆகவில்லை. தடை அவரை எட்டியது; நிவாரணம் எட்டுவதற்குச் சொல் தடுத்தது.

வரையறைகள் சட்ட நூலின் முதல் பக்கங்களில் வருவதால் அவற்றை விரைந்து கடந்துவிடுகிறோம். யார் கண்ணில் படுவார், யார் படமாட்டார் என்பது பெரும்பாலும் அப்பக்கங்களிலேயே தீர்மானமாகிவிடுகிறது. தொழிற்சாலைகள் சட்டம் இப்போது 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடக்கப்பட்டுள்ளது. கலவை ஆலைக்கு வழங்கப்படும் இசைவாணையில், எல்லைச் சுவரில் பதிவாகும் தூசி அளவோடு உள்ளே பணிபுரிபவர் சுவாசிக்கும் சிலிக்காவின் அளவையும் ஒரே பக்கத்தில் எழுதக் கோருவது பெரிய சீர்திருத்தம் அன்று. அந்த ஒரு பக்கம் 1992இல் இருந்திருந்தால், லால் குவானின் ஆலைகளை இடம்பெயர்த்த ஆணையோடு அங்கே உழைத்தவர்களின் மருத்துவப் பரிசோதனையும் பேசப்பட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன். சட்டம், வரலாறு, தொழில்சார் மருத்துவம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்கள் தத்தம் மாநில இசைவாணைகளை இந்நோக்கில் வாசித்து, தாம் கண்டதைப் பகிர்ந்தால் மகிழ்வேன்.