பிரட்டுத் தப்பும் இரண்டு காதுகளும்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் அந்நாளில், விடியுமுன், தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கம் தப்பு என்ற தோல் பறை ஒலிக்கும். எழுந்து, தேநீரை வாயில் ஊற்றிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். அன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்பது அங்கேதான் முடிவாகும். 1867இல் தோட்டக்காரர் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார்; 1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது. சுவர்க் கடிகாரம் மட்டும் லயத்துக்கு வரவில்லை. தப்புதான் மணி காட்டியது.

ஆனால் தோட்டத் துரைக்கு மட்டும் உழைத்த கருவியல்ல அது. சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, மாசியில் ஆடும் காமன் கூத்துக்கு வேறோர் அடி. எதிர் மலையில் பனிமூட்டம் எதையும் காட்டாது. அடியை வைத்தே துக்கமா திருவிழாவா என்று இங்கிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். மடக்கும்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, தோட்ட வாழ்க்கையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையிலும் விடியற்காலைத் தப்பு ஒலிக்கிறது.

ஒரே பள்ளத்தாக்கில் மூன்று இடங்களில் தப்பு எழுந்தால்? கேட்பவருக்கு இருப்பது இரண்டு காதுகள். கணக்குப்படி இது திண்டாட்டம்: அறிய வேண்டியவை மூன்று, கிடைப்பவை இரண்டே கலவைகள். சமன்பாடு போட்டால் விடை ஒன்றாக நிற்காது.

தப்பின் இயல்பு இங்கே கைகொடுக்கிறது. தோலை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றி அடித்தால் ஒலி சட்டென வெடித்து அடங்கும்; அடிக்கும் அடிக்கும் நடுவே நிறைய வெற்றிடம். அதனால் மூன்று தப்புகளின் அடிகளும் ஒரே கணத்தில் மோதுவது குறைவு. பெரும்பாலான கணங்களில் ஒரே ஒருவர்தான் 'பேசுகிறார்' எனலாம். வலக்காதுக்கும் இடக்காதுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசம் ஒரு மில்லி விநாடிகூட இல்லை. அதை வைத்தே மூளை திசையைப் பிடித்துவிடும். ஆலைச் சங்குபோல் நீட்டி ஊதும் மூன்று ஒலிகளானால் இவ்வளவு எளிதில் பிரியாது.

2000ஆம் ஆண்டில் ஜூர்ஜின், ரிக்கார்ட், இல்மாஸ் ஆகிய மூவரும் இரண்டே மைக்குகளைக் கொண்டு பல பேச்சுக் குரல்களைப் பிரிக்கும் வழியை வெளியிட்டார்கள். அதன் அடிப்படையும் இதுதான். ஒலியை நேரம், அதிர்வெண் என்று சிறு சிறு கட்டங்களாக வெட்டினால், பெரும்பாலான கட்டங்களில் ஒரே குரல்தான் ஓங்கி நிற்கும். இரு மைக்குகளுக்கும் இடையிலான தாமதத்தையும் ஒலிப் பலத்தின் வேறுபாட்டையும் பார்த்து, கட்டத்தை அந்தக் குரலுக்கு எழுதிவைத்துவிடலாம். எதிரொலி இல்லை என்று அந்த முறை எடுத்துக்கொள்கிறது. ஹட்டன் பக்கத்துப் பாறைச் சரிவுகளில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். அங்கே ஓர் அடி, வராத திசையிலிருந்தும் திரும்பி வரும். அப்போது காதுக்குத் துணை, பழகிய தாளம்தான்.

அந்தத் தாளங்களைக் காப்பாற்றியவர்களுக்கு மரியாதை கிடைத்ததா என்றால், இல்லை. தப்படிப்பது ஒடுக்கப்பட்ட சாதியார் தலையில் கட்டப்பட்ட கடமையாக இருந்தது. பிள்ளைகள் பலர் அதைக் கையில் எடுக்கக் கூசியதற்கு அதுவே காரணம். இப்போது மலையக இளைஞர்கள் சிலர் அதே தப்பை மேடையில் அடையாளமாகத் தூக்கி அடிக்கிறார்கள். காமன் கூத்தில் அது இன்றும் ஒலிக்கிறது.