தோட்டத்துக் கள்ளுக்கடை: அச்சமும் மறியலும்

மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் கள்ளுக்கடை, லயங்களிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே இருந்தது. தென்னங்கள் விற்ற இக்கடைகள் ஆங்கிலேயர் ஆட்சியின் உரிமம் பெற்று நடந்தவை. பலவற்றைத் தோட்ட நிர்வாகங்களே நடத்தின. வேலை முடிந்ததும் அங்கே கூட்டம் சேரும். சம்பள நாளில் வாய்த்தகராறு அடிதடியாக முற்றும். பெண்களும் பிள்ளைகளும் அந்த வழியைத் தவிர்த்துச் சுற்றிப் போவார்கள். சம்பளப் பணம் முழுதாக வீடு வந்து சேருமா என்பதே அவர்களின் பெருங்கவலை.

அந்தக் கடைகளை எதிர்த்து முதலில் திரண்டவர்களில் தோட்டத் தொழிலாளர்களும் உண்டு. ஜப்பானியர் ஆட்சி முடிந்தபின் கெடாவில் அவர்கள் தொண்டர் படை அமைத்தார்கள். ஏ.எம்.சாமி அதை வழிநடத்தினார். குடிக்க வருவோரைத் தடுக்கத் தொண்டர்கள் கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரியில் பீடோங்கில் நடந்த கள்ளுக்கடை மறியலின்போது போலீசாருடன் மோதல் மூண்டது. அதில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார்.

தோட்ட மக்கள் என்றாலே குடி என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இன்றும் உண்டு. அந்தக் குடியை ஒழிக்க உயிரைக் கொடுத்தவரும் அதே லயத்து மனிதர்தான்.