கட்டிலுக்குப் பொறுப்பாளர் யார்? குடவாசல் வட்டாரத்தில் இல்லப் பராமரிப்பின் தரமும் பாதுகாப்பும்

தமிழ்நாட்டில் இல்லப் பராமரிப்பைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறது. அரசுத் திட்டத்தால் எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்பது ஒன்று. பெருநகரங்களில் பெருகிவரும் ‘ஹோம் நர்ஸ்’ ஏஜென்சிகளுக்கு உரிமம் கட்டாயமாக்க வேண்டுமா என்பது மற்றொன்று. இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் திருவாரூர் மாவட்டத்துக் குடவாசல் போன்ற ஒரு வட்டாரத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவருக்கு நேரும் தீங்கை இரண்டில் எதுவும் எட்டவில்லை. அந்தத் தீங்குக்குத் தனி ஒருவரின் அலட்சியத்தைக் காரணமாகக் காட்டுவது எளிது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும், தன்னார்வலரிடமிருந்து செவிலியருக்கும், மருமகளிடமிருந்து கூலிக்கு வரும் அம்மாளுக்கும் பராமரிப்பு கைமாறும் இடங்களில்தான் அது பிறக்கிறது என்பதும், அந்த இடங்களுக்கு இன்று பொறுப்பாளர் எவரும் இல்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2020இல் தொற்றா நோய்களைப் பற்றி மாநில அளவில் நடந்த ‘ஸ்டெப்ஸ்’ ஆய்வு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோயாளிகளில் 10.8 விழுக்காட்டினருக்குமே நோய் கட்டுக்குள் இருந்ததாகக் காட்டியது. இந்த நிலையில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. மகளிர் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். ஒன்றியத்துக்கு ஒரு நோய்த்தணிப்புச் செவிலியரும் ஓர் இயன்முறை மருத்துவரும் உண்டு. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது இத்திட்டத்துக்குக் கிடைத்தது. தகுதியான விருதுதான். பேருந்து ஏறி ஆஸ்பத்திரிக்குப் போக முடியாமல் மாத்திரையை விட்டவர்களுக்கு அது மீண்டும் கிடைத்திருக்கிறது.

குடவாசல் ஒன்றியத்தில் 49 ஊராட்சிகள். ஒன்றியத்துக்கு ஒரு நோய்த்தணிப்புச் செவிலியர் என்றால், நாளுக்கு ஓர் ஊராட்சி என்று போனாலும், ஞாயிறுகளைக் கழித்துவிட்டால், ஒரு சுற்று முடிய எட்டு வாரத்துக்கு மேல் ஆகும். படுக்கைப்புண் எட்டு வாரம் காத்திருக்காது. கால் தேய்த்துவிடவும் புண்ணைக் கழுவவும் வரும் அந்தச் செவிலியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் ஒருமுறை வந்துபோனதற்கும் மறுமுறை வருவதற்கும் இடைப்பட்ட நாட்களில் என்ன நடக்கிறது என்பதே தரத்தின் கேள்வி.

மருத்துவத் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என மூன்றாகப் பிரித்து 1966இல் எழுதினார் அவேதிஸ் டொனபேடியன். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், நமது திட்டம் முதல் இரண்டை எண்ணுகிறது: எத்தனை ஊழியர், எத்தனை வருகை. 2022 டிசம்பரில் திருச்சி மாவட்டத்தில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் வழங்கப்பட்டது. அந்த ஒரு கோடியில் எத்தனை பேருக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தது, எத்தனை பேர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார்கள் என்பதை அந்த எண் சொல்லாது.

மாத்திரையிலிருந்து தொடங்கலாம். கும்பகோணத்துத் தனியார் மருத்துவர் எழுதித் தந்த சர்க்கரை மருந்தான மெட்ஃபார்மின் ஒரு கம்பெனிப் பெயரில் வீட்டில் இருக்கும். தன்னார்வலர் தரும் அட்டையில் மருந்தின் பொதுப்பெயர் அச்சாகியிருக்கும். நிறம் வேறு, அளவு வேறு. பாட்டி இரண்டையும் போட்டுக்கொள்வார். ‘கவர்மெண்டு மாத்திரை தனி, டாக்டர் மாத்திரை தனி’ என்பது அவர் கணக்கு. மருத்துவமனை தரும் டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழாக்குபவர் மெடிக்கல் கடைப் பையன். உறையின் மேல் கா–ம–இ என்று பேனாவால் எழுதிக் கீழே 1–0–1 போட்டுத் தருவார். அந்த உறை கிழிந்த நாளோடு மருத்துவரின் அறிவுரையும் போய்விடும். பழைய உறையையும் புதிய அட்டையையும் அருகருகே வைத்துப் பார்ப்பது யாருடைய வேலை? தன்னார்வலருக்கு அதற்கான பயிற்சியும் இல்லை, அதிகாரமும் இல்லை.

காவிரி டெல்டாவுக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. பராமரிக்கும் மருமகளோ மகளோ பல வீடுகளில் வயல் வேலைக்கும் போகிறவர். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்துவிட்டால், நடவும் களையெடுப்பும் நடக்கும் நாட்களில் விடியும் முன் கிளம்பிப் பிற்பகலில்தான் திரும்புவார். மாமனாருக்குச் சுகர் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, பழைய சோற்றை மூடிவைத்துவிட்டுப் போவார். எழுந்து சாப்பிட முடியாதவருக்கு, அல்லது மறதி வந்துவிட்டவருக்கு, அந்த மாத்திரையே வினையாகலாம். கிளிபென்கிளமைடு வகை மருந்துகள் சாப்பிடாத வயிற்றில் சர்க்கரையை அபாய அளவுக்குத் தாழ்த்தக்கூடியவை. முதியோருக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்பது மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்தது. மயங்கிக் கிடந்தவரைப் பார்த்து ‘வயசாயிடுச்சு, அசந்து தூங்குறாரு’ என்று அக்கம்பக்கத்தார் நகர்ந்துவிடுவதும் நடக்கக்கூடியதே. வேளாண் நாட்காட்டியைப் பார்க்காமல் போடப்படும் மருந்து அட்டவணை இப்பகுதியில் பாதி அட்டவணைதான்.

படுக்கை நோயாளியின் நிலை இன்னும் நுட்பமானது. சிறுநீர்ப் பை கண்ணில் படும்படி ஜன்னல் கம்பியில் மாட்டப்பட்டிருந்தால், பைக்குள் போன நீர் குழாய் வழியே திரும்பித் தொற்றைக் கொண்டுவரும். அது இடுப்புக்குக் கீழே, தரையைத் தொடாமல் தொங்க வேண்டும். மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றும்போது தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். மல்லாந்து கிடப்பவருக்கு ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். இதையெல்லாம் செய்துகாட்ட ஐந்து நிமிடம் போதும். டிஸ்சார்ஜ் நாளில் பில், ஆட்டோ, படுக்கை காலி செய்யும் அவசரம் ஆகியவற்றுக்கிடையே அந்த ஐந்து நிமிடம்தான் கிடைப்பதில்லை.

இனி, கூலிக்கு வரும் அம்மாளைப் பற்றி. குடவாசல் வட்டாரத்துச் சேங்காலிபுரத்திலோ எரவாஞ்சேரியிலோ, பிள்ளைகள் வெளிநாட்டிலோ சென்னையிலோ இருக்கும் வீடுகளுக்கு ஏஜென்சி தேவைப்படுவதில்லை. தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் வருவார். இங்கே சட்டம் விசித்திரமாக நடந்துகொள்கிறது. 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. ஆனால் ஒருவரை நேரடியாக வேலைக்கு வைத்துக்கொள்ளும் தனிப்பட்ட ஊழிய ஒப்பந்தம் அச்சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே. ஏஜென்சி வழியே வந்தவர் தவறு செய்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், தெரு வழியே வந்தவர் செய்தால் போக முடியாது. ஆகவே உரிமம்தான் தீர்வு என்ற வாதம் சென்னைக்குப் பொருந்தும். குடவாசலில் உரிமம் வாங்க வேண்டிய நிறுவனமே அந்தப் பராமரிப்பில் இல்லை.

அந்த அம்மாளின் பாதுகாப்பும் இதே கேள்வியின் மறுபக்கம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டையும் பணியிடம் என்கிறது. மாவட்ட அளவில் புகார்க் குழு அமைக்கச் சொல்கிறது. அப்படியொரு குழு இருப்பதை அவரிடம் யார் சொல்லியிருப்பார்கள்? இதில் சாதியைப் பேசாமல் விடுவது ஆய்வு நேர்மை ஆகாது. கொல்லைப்புற வழியாக வரச்சொல்லி, தனி டம்ளரில் காப்பி தரும் வீட்டில், ‘அய்யாவோட புண்ணு வாடை அடிக்குது, டாக்டரைக் கூப்பிடுங்க’ என்று அவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு என்ன எடை இருக்கும்? நாள் முழுக்க நோயாளியைப் பார்ப்பவர் சொல் எடுபடாத வீட்டில் தரம் என்பது ஏட்டுச் சுரைக்காய்.

புறத்தே இருந்து வரும் தீங்குகளும் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயலுக்குப் பின் டெல்டாவில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் இன்சுலினுக்கும், மின்சாரத்தில் ஓடும் ஆக்சிஜன் கருவிக்கும் அப்போது மாற்று ஏற்பாடு என்ன என்பதை வீட்டுப் பராமரிப்புத் திட்டம் எதுவும் முன்கூட்டி எழுதிவைக்காமல் இருக்கக் கூடாது. இன்சுலின் ஊசிகளை 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் அபாயகரமான வீட்டுக் கழிவாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. காய்கறித் தோலோடு சேர்த்து வீசினால், அது குத்துவது தூய்மைப் பணியாளரின் கையில்.

கேரளம் 2008இல் நோய்த்தணிப்புக்கென்று தனிக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகளை அதற்குப் பொறுப்பாக்கியது. இங்கே அந்த அளவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நீண்டகாலப் பராமரிப்பு தேவைப்படும் ஒவ்வொரு வீட்டிலும் தமிழில் ஒரு நோட்டு இருக்கட்டும். கட்டிலின் தலைமாட்டிலேயே அது இருக்க வேண்டும். எல்லா இடத்திலிருந்தும் வந்த மருந்துகளின் ஒரே பட்டியல், வலம் இடம் திருப்பிப் படுக்கவைத்த நேரம், விழுந்தால் விழுந்த நாள், யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண் ஆகியவை அதில் போதும். மருமகளும் கூலிக்கு வரும் அம்மாளும் தன்னார்வலரும் அதே நோட்டில் எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்குக் கட்டத்தில் ஒரு கோடு போதும். மருத்துவமனையிலிருந்து ஒருவர் வீடு திரும்பிய வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் ஒருவர் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த வீட்டுக்குப் பொறுப்பாளர் அவரே. மாதாந்திர அறிக்கையில் பயனாளிகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் படுக்கைப்புண், வீழ்ச்சி, தாழ்சர்க்கரை மயக்கம் என்ற மூன்று எண்களும் வர வேண்டும். தொடக்கத்தில் அவை கூடுதலாகத் தெரியும். அதற்காக ஊழியரைத் தண்டிக்கக் கூடாது. ஓர் ஒன்றியத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை, மாவட்ட சுகாதார அலுவலரின் ஒரு சுற்றறிக்கை போதும்.